சுண்டல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்

அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

கலிஃபோர்னியாவின் டப்ளினில் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு மனைவியோடு வந்து, சுண்டலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். என் கணவரின் மேலதிகாரி. அப்போது கணவர் ஆபீசில் ஒரு புதியவருக்குத் தன் வேலை முழுவதையும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், கேடி என்போம். எதற்கு என்று கேட்டதற்கு, "டீம் பிளேயரா இருங்க" என்றாராம் அந்த மேலதிகாரி. கொலுப்படியைப் பிரித்து வைத்த வாரமே கணவருக்கு வேலை போனது. எங்கள் எல்லோர் விசாவும் அந்த வேலையை நம்பித்தான் இருந்தது. கடைசி நேரத்தில் வேறு வேலை கிடைக்கும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சென்ற வருடம் அவருடைய கம்பெனியை என் கம்பெனி வாங்கியது. கைமாறுவதற்கு முன் பழைய ஊழியர்களின் இழப்பீடு, இன்ஷூரன்ஸ், ஓய்வுக்காலச் சேமிப்பு எல்லாவற்றையும் பேசி முடிக்க வேண்டும். எங்கள் தரப்பில் எச்.ஆர். நான். அவர்கள் தரப்பில் அவர். முன்பகை உண்டா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தன்னைப் போன்ற டைரக்டர்களுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கொடுத்தால் போதும் என்று ஆரம்பித்தார். இடைவேளையில் காபி மெஷின் பக்கத்தில் தமிழுக்கு மாறினார்.

"ஹஸ்பெண்ட் எப்டி இருக்கார்? பாருங்க, வெள்ளைக்காரன்கூட இந்தியாவ விட்டுக் கெளம்பறதுக்கு முன்னாடி அவனோட ஆபீசர்ஸுக்கு காம்பன்சேஷன், பென்ஷன் எல்லாம் செட்டில் பண்ணிட்டுத்தான் போனான். நீங்க நம்மாளு. பாத்து பண்ணுங்க."

மயிலாப்பூரில் பிறந்தவர், அந்தக் கதையில் தன்னைத் துரை பக்கம் நிறுத்திக்கொண்டார்.

கடைநிலை ஊழியர் வரை அதே பாதுகாப்பு என்று எழுத வைத்தேன். அவர் தனக்குக் கேட்டதையும் குறைக்காமல் கொடுத்தேன், ஒரே நிபந்தனையோடு. அவர் இடத்துக்கு வருபவருக்கு முழுக் கேடி கொடுக்க வேண்டும். முடிந்தது என்று எச்.ஆர். கையெழுத்திட்ட பிறகுதான் அவருக்குப் பணம்.

"எவ்ளோ நாள் ஆகும்?" என்றார்.

"முடியற வரைக்கும். டீம் பிளேயரா இருங்க சார்."

அவர் முகம் செத்துவிட்டது. நான் காபியை நிதானமாகக் குடித்து முடித்தேன்.

இப்போது சான் ஹோசே ஆபீசில், தன் மகள் வயதுப் பெண்ணுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுச் சொல்லிக் கொடுக்கிறார். அவள் ஓயாமல் சந்தேகம் கேட்கிறாள். கேட்கச் சொன்னது நான்தான்.

"பாவம், விட்டுடேன்" என்கிறார் கணவர். அவர் நல்லவர்.

நாளை எங்கள் வீட்டில் கொலு. அவரை மனைவியோடு அழைத்திருக்கிறேன். வருவார். சுண்டல் நன்றாக இருக்கிறது என்றும் சொல்வார். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.