தப்பாக எழுதிய கதவு எண்

ஆஸ்பத்திரிப் போர்வைகளைத் தேய்த்து மடிக்கிற சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. தேய்க்கிற கை நிற்காது. யார் என்ன பேசினாலும் காது மட்டும் அந்தப் பக்கம் போகும். கூட வேலை செய்கிறவர்கள் அவளை ‘சந்தேகக்கா’ என்று கூப்பிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஊரிலிருந்து இந்த நாட்டுக்குக் கூட்டி வந்த ஏஜென்ட் "பத்திரமா இருக்கட்டும்" என்று வாங்கிப்போன, அவளுடையதும் கணவனுடையதுமான பாஸ்போர்ட்டுகள் இரண்டும் இன்றுவரை திரும்பவில்லை.

கட்டட வேலையில் கணவன் காலில் ஆணி ஏறியது. காகிதம் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று வீட்டிலேயே கட்டுப் போட்டார்கள். கூலியும் நின்றது. வேறு வழியில்லாமல் ஒரு சனிக்கிழமை அவள் இலவசமாக அரிசி தரும் சர்ச் கூடத்து வரிசையில் போய் நின்றாள்.

மேசைக்குப் பின்னால் ரிட்டயரான நர்ஸம்மா ஒருவர். அரிசியும் பருப்பும் கம்பளியும் தந்துவிட்டு, "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"அவருக்குக் கால்ல காயம்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். நர்ஸம்மா உடனே ஒரு தாளை நீட்டினார். "தெருவும் கதவு எண்ணும் எழுதும்மா."

சும்மா கொடுக்கிறவளுக்கு என் வீடு எதுக்கு? தெருவைச் சரியாக எழுதினாள். நாற்பத்தொன்றைப் பதினாலு ஆக்கினாள்.

வீட்டுக்கு வந்து அரிசிப் பையைக் கவிழ்த்துக் கொட்டித் துழாவினாள்.

"என்ன தேடுற?" என்றான் கணவன்.

"தெரியல. அதான் தேடுறேன்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜன்னல் வழியே பார்த்தவள் சட்டென்று பின்வாங்கினாள். நர்ஸம்மா கையில் தாளோடு வீடு வீடாகத் தட்டிக்கொண்டிருந்தார். கூடவே தோல்பை வைத்த ஒரு ஆள்.

"ஆள் பிடிக்க வந்துட்டாங்க. சத்தம் போடாதீங்க."

கதவைத் தட்டினார்கள். அவள் திறக்கவில்லை. காலடிச் சத்தம் தள்ளிப் போனது. எட்டிப் பார்த்தாள். நர்ஸம்மா எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சு வாங்கக் கணுக்காலை நீவிக்கொண்டிருந்தார். ஆள் பிடிக்க வருகிறவர்கள் இப்படி மூச்சு வாங்குவார்களா? இதுவும் நடிப்பாக இருந்தால்? உள்ளே கணவன் வாயில் துணியைக் கடித்துக்கொண்டு முனகினான். முழங்கால் வரை வீங்கியிருந்தது.

திறந்துவிட்டாள். "பாஸ்போர்ட் கேட்டா எங்கிட்ட இல்ல" என்றாள் முதல் வார்த்தையாக.

நர்ஸம்மா எழுந்து வந்தார். "கால் எங்கம்மா இருக்கு? அதைக் காட்டு."

தோல்பைக்காரர் டாக்டர். காயத்தைக் கீறிச் சீழை எடுத்து, ஊசி போட்டார். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்றார்.

அவளுக்குத் தன் கையால் எழுதிய பதினாலு கண்முன்னே நின்றது.

"ஏம்மா எண்ணை மாத்தின?" என்று கேட்டார் நர்ஸம்மா.

"பயம்."

"இப்போ?"

"இன்னும் இருக்கு" என்றாள் உள்ளபடியே.

"இருந்துட்டுப் போகட்டும். வெள்ளிக்கிழமை கட்டு மாத்த வரேன். கதவை மட்டும் திற."

வெள்ளிக்கிழமை திறந்தாள், சங்கிலியைக் கழற்றாமல். இடுக்கு வழியாகத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள். அவன் எழுந்து நடக்க இரண்டு மாதம் ஆனது. அதுவரை ஒவ்வொரு முறையும் அப்படித்தான். நர்ஸம்மாவும் ஒவ்வொரு முறையும் வாசலில் பொறுமையாக நின்றார்.