எலும்பு சேரும் முன் கையெழுத்து வேண்டாம்

முதலில் வலியே தெரியவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை முடிந்து சாலையோரமாக நடந்துகொண்டிருந்தேன். பின்னோக்கி வந்த தண்ணீர் லாரி இடித்துத் தள்ளியது. எழுந்திருக்கப் பார்த்தேன், வலது பாதம் மட்டும் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது.

டிபியா (முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு) முறிந்திருந்தது. கணுக்காலும் நொறுங்கியிருந்தது. அறுவை சிகிச்சை செய்து உள்ளே கம்பி வைத்தார்கள்.

மயக்கம் தெளிந்த கையோடு லாரி முதலாளியின் ஆள் வார்டுக்கு வந்துவிட்டார். என்னிடம் பேசவில்லை, என் கணவர் முருகனிடம் பேசினார்.

"இன்னாத்துக்கு அண்ணாத்தே கோர்ட்டு, கேஸுன்னு அலைஞ்சிகினு? ஆஸ்பத்திரி செலவ நாங்க பாத்துக்குறோம். சமாதானம்னு ஒரு கையெழுத்து, அவ்ளோதான்."

விபத்து நடந்ததிலிருந்து முருகன் சரியாகத் தூங்கவில்லை. "போட்டுடலாமாடி?" என்றார்.

அப்போது வந்த டாக்டரிடம் கேட்டேன்: "மறுபடி மிஷின் தைப்பேனா டாக்டர்?"

"இப்பவே சொல்ல முடியாதும்மா. எலும்பு சேரணும். கணுக்கால் எவ்ளோ மடங்குதுன்னு அப்புறம்தான் தெரியும்."

டாக்டருக்கே தெரியாத இழப்புக்கு நான் எப்படி ஒப்புக்கொள்வது? "ஊனி நடக்குற வரிக்கும் நான் எதுலயும் கையெழுத்து போட மாட்டேன்," என்றேன். வந்தவர் முனகிக்கொண்டே போனார்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், முதலில் போலீசில் புகார் பதிவாகட்டும். காயச் சான்றிதழ், மருந்து ரசீதுகள், சம்பளச் சான்று எதையும் தொலைக்காதீர்கள். மனு போடக் காலக்கெடு உண்டு. உடனே ஒரு வக்கீலைப் பாருங்கள். வழக்கு வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் (விபத்து இழப்பீட்டை முடிவு செய்யும் நீதிமன்றம்) நடக்கும். அங்கே உங்களை எதிர்த்து வாதாடுவது பெரும்பாலும் லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனிதான்.

நான் போட்ட வழக்கிலும் அவர்களுடைய வக்கீல் என்னைக் கூண்டில் நிறுத்திக் கேட்டார்: "நல்லாத்தானேம்மா நடந்து வந்தீங்க?"

"நடந்து வந்தேன் சார். மிஷின் பெடல அழுத்தத்தான் முடியல. அதுதான் என் வேலை."

மருத்துவக் குழுவும் கணுக்கால் முழுதாக மடங்காது என்று சான்று தந்திருந்தது. கேட்ட தொகையில் கொஞ்சம் குறைத்து, தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. அதே கம்பெனியில் இப்போது உட்கார்ந்தபடி துணிகளைச் சரிபார்க்கிறேன்.

தினமும் வேலைக்கு ரயிலேறும் பட்டாபிராம் ஸ்டேஷனில் ரயில் சத்தம் கேட்டால் எல்லோரும் ஓடுகிறார்கள். நான் ஓடுவதில்லை. மேம்பாலப் படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து ஏறுகிறேன். அந்த ரயில் போய்விடும். அடுத்ததில் எனக்கு உட்கார இடம் கிடைக்கும்.