தொப்பிக்குள் இருந்த சட்டம்

தொப்பியைத் தலையில் வைத்த பிறகுதான் யூஜின் பல் துலக்குவார். கிணற்றடியில் குனிந்து கொப்பளிக்கும்போதும் அது இறங்காது. கோயிலில் பூசை நேரத்தில் மட்டும் மடியில் இறக்கி வைப்பார். கடவுளுக்கு அந்த மரியாதை போதும். தெருவில் யார் எதிர்ப்பட்டாலும் இரண்டு விரலால் விளிம்பைத் தொட்டு "போன்ழூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்வார். மீன்காரி பூவாயிக்கும் அதே இரண்டு விரல்தான். அவளும் கூடையை இறக்காமலே, "போஞ்சூர் முசே, சுதும்பு இருக்கு" என்பாள்.

தொப்பி சும்மா வந்ததல்ல. அவருடைய பாட்டனார் ஊர் வழக்கம், சாதி வழக்கம் எல்லாவற்றையும் வேண்டாமென்று ஒரு நாள் எழுதிக் கொடுத்துவிட்டு, பிரெஞ்சுச் சட்டத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். அன்று முதல் அந்தக் குடும்பத்தில் ஆண்கள் தலையில் தொப்பியும் பெண்கள் தலையில் சட்டமும் இருந்து வருகின்றன.

யூஜின் ஒரு நொத்தேரிடம், அதாவது பத்திரம் பதிகிறவரிடம், நகல் எழுதும் குமாஸ்தா. இருபது வருஷமாக ஊரார் அடமானங்களைக் குண்டு குண்டாகப் பிரதி செய்த கைக்கு, சொந்தத்துக்கு ஒன்று எழுத வேண்டுமென்று அரிப்பு எடுத்தது நியாயமே. சட்டத்தின் ஆயிரத்து நானூற்று இருபத்தொன்றாம் பிரிவு அவருக்குப் பாடம். தம்பதிகளின் பொதுச் சொத்தைப் புருஷன் தனியாகவே விற்கலாம், அடமானம் வைக்கலாம், மனைவி உடன் நிற்க வேண்டியதில்லை என்கிறது அது. அதை ஒரு துண்டுக் காகிதத்தில் அழகாக எழுதித் தொப்பியின் உள்பட்டையில் செருகி வைத்திருந்தார். மண்டைக்கு அத்தனை அருகில் வேறெந்தச் சட்டமும் போனதில்லை.

பொதுச் சொத்து என்பது கருவடிக்குப்பம் போகிற வழியில் ஓர் ஓட்டு வீடு. அவர் மனைவி பெர்னதெத் கன்னியர் மடத்துக்குப் பூத்தையல் போட்டுப் பதினாறு வருஷம் சேர்த்த காசில் வாங்கியது. இப்போது ஊசியில் நூல் கோக்க அவளுக்கு அடுத்த வீட்டுப் பெண் வர வேண்டும். சட்டத்துக்கும் கண் தெரியாது ஆகையால், வீடு இருவருக்கும் பொது என்று ஆயிற்று.

அந்த வீட்டை அரிசி மண்டி கோவிந்தராசுவிடம் அடமானம் வைத்து, கப்பலேறிப் போன ஒரு துரையின் பழைய மோட்டாரை யூஜின் வாங்கினார். அது பிள்ளைச்சாவடி வரை ஓடும். திரும்பி வர மீனவர்கள் தள்ள வேண்டும். படகு தள்ளுகிறவர்களுக்கு இது பெரிய காரியமில்லை. யூஜினும் இறங்கி, தொப்பியை வண்டியின் கூரைமேல் வைத்துவிட்டுத் தோள் கொடுப்பார். கோயிலுக்கு அடுத்தபடி அவர் தொப்பியைக் கழற்றியது அந்த மோட்டாருக்குத்தான். வியர்வையில் சட்டம் நனைந்துவிடக் கூடாதே.

காசு ஏது என்று பெர்னதெத் கேட்டாள். பிரான்சில் புதிதாக ஆரம்பித்திருந்த லொத்தேரியில் பரிசு விழுந்ததாகச் சொன்னார். அவள் நம்பினாள். நம்பியதோடு நின்றிருக்கலாம். நேரே பங்குச் சாமியாரிடம் போய் மாதாவுக்கு நன்றிப் பூசை கேட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையிலிருந்து, லொத்தேரிப் பரிசு பெற்ற யூஜின் குடும்பத்தாருக்காக வியாழக்கிழமை பூசை என்று சாமியார் கணீரென்று வாசித்தார். யூஜின் மடியிலிருந்த தொப்பி தரையில் உருண்டது.

கோவிந்தராசு கோயிலுக்குப் போகிறவரல்ல. ஆனால் கோயிலுக்குப் போகிறவர்கள் அவர் மண்டியில்தான் அரிசி வாங்குகிறார்கள். திங்கட்கிழமை விடிந்ததும் பத்திரமும் கையுமாக வாசலில் நின்றார்.

"லொத்தேரி விழுந்துச்சாமே மதாம், சந்தோஷம். வூட்டு அடமானத்த மூட்டுக்கினீங்கன்னா எனக்கும் சந்தோஷம். வர்ற மாசம் கெடு. அப்புறம் வூடு என்னுதாயிடும், பாருங்க."

பெர்னதெத் கூச்சல் போடவில்லை. எந்த உரிமையில் வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். அவர் தொப்பியிலிருந்து காகிதத்தை எடுத்து முதலில் பிரெஞ்சிலும், பிறகு இறங்கிய குரலில் தமிழிலும் படித்தார்.

"பொண்டாட்டிய கேக்க வேணாம்னு போட்டிருக்கா?"

"ஆமா."

"புருஷன கேக்கணும்னு போட்டிருக்கா?"

புருஷன் அனுமதியில்லாமல் மனைவி எதையும் விற்கக் கூடாதென்று வேறு பிரிவு ஒன்று இருப்பது யூஜினுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர் நாணயமான குமாஸ்தா. காகிதத்தில் எழுதாததைப் படித்துப் பழக்கமில்லை.

"இதுல இல்ல" என்று காகிதத்தை மறுபடி தொப்பிக்குள் செருகினார்.

"அப்ப சரி. கோவிந்தராசு, அந்த மோட்டார எடுத்துக்கினு போங்க. பத்திரத்த இங்க வெச்சிட்டுப் போங்க."

கோவிந்தராசு தலையைச் சொறிந்தார். பெர்னதெத் இரண்டு வளையலைக் கழற்றி வைத்ததும் சொறிவது நின்றது. வீட்டுப் பத்திரமும் கடன் தீர்ந்த சீட்டும் அவளுடைய தையல் பெட்டிக்குள், ஊசிகளுக்கு அடியில் போயின. யூஜினின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

மோட்டார் வழக்கம்போலக் கிளம்பவில்லை. ஓட்ட ஒருவனை உள்ளே உட்காரவைத்து மண்டி ஆட்கள் தள்ளிப் பார்த்தார்கள். அவர்களுக்கு மூட்டை தூக்கத் தெரியும், மோட்டார் தள்ளத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்க யூஜினுக்கு மனம் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கூரைமேல் வைத்துவிட்டுத் தோள் கொடுத்தார். மூன்றாவது தள்ளலில் அது உறுமிக்கொண்டு, என்றுமில்லாத வேகத்தில் முனை திரும்பி மறைந்தது.

"போஞ்சூர் முசே" என்றாள் எதிரே கூடையோடு வந்த பூவாயி.

யூஜினின் இரண்டு விரலும் மேலே போயின. விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில், நெற்றிக்கு முன்னால், சற்று நேரம் காற்றைத் தடவிக்கொண்டிருந்தன.