லெவான் உயர்த்திய மால்ட் டின்

லெவான் இறந்த செய்தி அவருடைய மகளிடமிருந்து வந்தபோது, அமீரகத்துப் புஜைராவில் எங்கள் கிளப் ஆட்டக்காரர் ஒருவரின் கணுக்காலுக்குப் பனிக்கட்டி வைத்துக்கொண்டிருந்தேன். ஜார்ஜியாவில், சொந்த ஊரில், தூக்கத்திலேயே மாரடைப்பு. கொஞ்ச நேரத்தில் எங்கள் மேனேஜர் சுந்தரேசன் பேஸ்புக்கில் அவருடைய படத்தைப் போட்டு, ‘என் உடன்பிறவாத் தம்பி’ என்று எழுதிவிட்டார். அதைப் படித்து எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. லெவானை அறிந்தவர்கள் உண்மையையும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அவரை நல்லவர் வல்லவர் என்று சொல்லப்போவதில்லை. துருக்கி, போலந்து, ஈரான் என்று கிளப் கிளப்பாகக் கூடைப்பந்து ஆடித் தேய்ந்து, கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்தார். கைக்கு வந்த பந்தை லேசில் யாருக்கும் தர மாட்டார். பிசியோதெரபிஸ்டான என் பெயரைக் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை; ‘டாக்டர்’தான். ஆனால் கூடைக்கடியில் இடம் பிடித்து நின்றாரென்றால் இரண்டு பேர் சேர்ந்தாலும் அவரை நகர்த்த முடியாது. வாங்கிய சம்பளத்துக்கு வஞ்சகமில்லாமல் ஆடினார்.

ஒருநாள் சிகிச்சை மேசையில் முழங்காலை நீட்டியபடி எனக்குத் திராட்சைச் சாறு ஊற்றித் தந்தார்.

“எங்க ஊர்ல ஒயின் எடுத்துத்தான் வாழ்த்துவோம், டாக்டர். இங்க ஒயின் மாஃபி, கிடையாது. அதான் இது.”

எனக்கு மால்ட் போதும் என்று பக்கத்திலிருந்த டின்னை எடுக்கப்போனேன். பீர் போல நுரைக்கும், போதை இருக்காது. சட்டென்று என் கையைத் தட்டிவிட்டார்.

“பீர் எடுத்து வாழ்த்துறது எதிரியை. அந்தக் காலத்து வழக்கம். உனக்கு வேணாம்.”

அரையிறுதிக்கு முந்தைய நாள் அந்த முழங்கால் வீங்கிக் கிடந்தது. ஆடினால் அதோடு முடிந்தது என்று மேனேஜரிடம் சொன்னேன்.

“ஊசியப் போட்டு இறக்கி விடுங்க குமரேசன். பெஞ்சுல உக்கார வைக்கவா அவ்ளோ தூரத்துலேர்ந்து கூட்டிட்டு வந்தேன்?”

பந்தில் காற்று இருக்கிறதா என்றுகூட ஒருநாளும் அமுக்கிப் பார்த்திராத மனிதர். அடுத்த சீசனுக்கு ஒப்பந்தம் வேண்டுமே என்று லெவானும் இறங்கினார். ஆட்டம் முடியுமுன் தசைநார் அறுந்தது. நாங்கள் ஜெயித்தோம். ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கம் போக, மேனேஜர் மறுபக்கம் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரமே “கலாஸ், முடிஞ்சுது. விசா கேன்சல்” என்று சொல்லிவிட்டார்.

வெட்கமே இல்லாமல் பிரியாணி போட்டு வழியனுப்பு விழா வேறு வைத்தார். லெவான் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து, மால்ட் டின்னை உயர்த்தி, சுந்தரேசனின் குடும்பம் வாழ்க, அவர் உட்காரும் நாற்காலி வாழ்க என்று நெடுநேரம் வாழ்த்தினார். மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. லெவான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அதற்குப் பிறகு அவர் எங்கும் ஆடவில்லை.

நேற்று கிளப்பில் இரங்கல் கூட்டம். மேனேஜர் எல்லோர் கையிலும் ஒரு மால்ட் டின்னைக் கொடுத்தார்.

“லெவான் என்னை இப்படித்தான் வாழ்த்தினான். அவன் ஸ்டைல்லயே அவனுக்கு விடை குடுப்போம்,” என்றார். குரல் வேறு தழுதழுத்தது.

அத்தனை கைகளும் லெவானின் படத்தை நோக்கி உயர்ந்தன. அவருக்கான திராட்சைச் சாற்றை நான் வீட்டிலேயே குடித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வழக்கம்தான். படத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மேனேஜரைப் பார்த்து டின்னை உயர்த்தினேன்.

“நீங்க நல்லா இருக்கணும் சார்,” என்றேன்.

அவர் நெகிழ்ந்துபோய் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.