கதவில் தொங்கும் கடதாசி

'நாய் கடிக்கும், கவனம்' என்று வாசலில் எழுதி வைப்பதை நம் ஊரில் பார்த்திருக்கிறேன். அவரைக்காய்க்கும் அப்படி எழுதி வைப்பார்கள் என்பது இத்தாலியில், இந்தப் பலெர்மோ நகரத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. வசந்தம் பிறந்தால் எங்கள் தெருமுனை மரக்கறிக் கடைக் கதவில் ஒரு கடதாசி தொங்கும்: இங்கே ஃபாவே உண்டு. ஃபாவே என்பது நம் அவரைக்குக் கொஞ்சம் தடித்த சொந்தக்காரன். முதல் வருடம் அதை விளம்பரம் என்று நினைத்து ஒரு கிலோ கேட்டேன். "வீட்டில் எல்லாரும் சுகம்தானே?" என்றார் கடைக்காரர். எவ்வளவு அன்பான மனிதர் என்று மகிழ்ந்து, ஊரில், கனமூலையில் இருக்கும் உம்மா வரைக்கும் சேர்த்து, "எல்லாரும் நல்ல சுகம்" என்றேன்.

அந்தக் கேள்வி எதற்கு என்பது மகன் ஆதில் பிறந்த பிறகுதான் புரிந்தது. மூன்றாம் நாளே அவன் கண்கள் மஞ்சளாகின. இரத்தத்தைச் சோதித்த டொக்டர், "ஃபாவிஸ்மோ, ஃபாவே ஆகாத ஒரு பரம்பரை இரத்தச்சோகை" என்றார். இரத்தச்சோகை என்றால் ஈரலும் பேரீச்சம்பழமும் இரும்புக் குளிசையும் என்றுதான் நான் அறிவேன். "இரும்பு வேண்டாம். சில பொருட்கள் பட்டால் இவனுடைய சிவப்பணுக்கள் உடைந்துவிடும். அவற்றை விலக்குங்கள், போதும். பந்து விளையாடுவான், உங்களைப் போல நிறையப் பேசுவான்" என்றார். ஃபாவே, சில மருந்துகள், பிறகு பூச்சி உருண்டை என்று பட்டியல் தந்தார். கடைக் கதவில் கடதாசி தொங்குவதும், வீட்டாரின் சுகத்தைக் கடைக்காரர் கேட்பதும் இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். சிறுநீர் பால் விடாத சாயத்தேநீர் போலக் கறுத்தால் உடனே ஓடிவரச் சொன்னார்.

பூச்சி உருண்டையின் படத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது உடுத்த துணியோடு கனமூலைக்கு வந்தவர் என் உம்மா. அதன் பிறகு வாங்கிய ஒரு துணியையும் அவர் வீசியதில்லை. எல்லாம் அலுமாரியில், வெள்ளை வெள்ளை உருண்டைகளோடு இருக்கும். எனக்கு மூத்தவரான நானாவின் பெருநாள் சட்டையையும் ஒரு மாதம் முன்பே வாங்கி அங்கேதான் ஒளித்து வைப்பார். அதை உடுத்து இரண்டு நாளில் நானாவின் கண் மஞ்சளாகும். பக்கத்து வீட்டு மாமியின் கண்ணூறு என்று உம்மா முடிவு கட்டிவிடுவார். ஓதின தண்ணீர் குடித்துக் குடித்தே நானா வளர்ந்தார்.

ஆதிலைக் காட்ட ஊருக்குப் போகவிருந்தோம். அவனுக்குத் தொட்டில் கட்டும் ஏணைத் துணிகூட அந்த அலுமாரியில்தான் இருந்தது. அந்த வீட்டுக்குள் பிள்ளையோடு எப்படிப் போவது? பயந்து பயந்து உம்மாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன், கடைக் கதவுக் கடதாசி உட்பட.

"அப்ப என்ட கையாலயா, மகள், ஒங்கட நானாக்கு மஞ்ச வருத்தம் வந்திச்சி?" என்று அழுதார் உம்மா.

இடையில் நானா புகுந்தார். "உம்மா, இவ்வளவு காலமா மாமிட கண்ணு எண்டீங்க. கள்ளன் ஊட்டுக்குள்ளயே இரிந்திரிக்கான்!"

உம்மா அழுதுகொண்டே சிரித்தார். மறு வாரம் சோதித்துப் பார்த்த நானா, "ஓம் தங்கச்சி, எனக்கும் அதேதான்" என்றார், பரிசு விழுந்தவர் போல.

பிறகு நடந்தது துணித் திருவிழா. தென்னைக்குத் தென்னை கயிறு கட்டி, துவைத்துத் துவைத்து வெயிலில் போட்டார் உம்மா. துணிக்கடை திறக்கிறீர்களா என்று தெருவில் போனவர்கள் கேட்டார்களாம். பிழிந்து கொடுக்க மாமியே வந்திருக்கிறார். விசயத்தைச் சொல்லி உம்மா மன்னிப்புக் கேட்டதும், "அப்ப என்ட கண்ணு நல்ல கண்ணா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாராம். துணிகளில் மணம் போய்விட்டது, அலுமாரி மட்டும் மணம் விடவில்லை. அதைத் தேங்காய்க் கொட்டிலுக்கு அனுப்பிவிட்டு உம்மா சொன்னார்: "சாமான்தானே மகள். புள்ள வரணும்."

பக்கத்து ஊரான முந்தலைத் தாண்டி வீடு வந்து சேர்ந்தோம். வீட்டு வாசல் கதவில் உம்மாவின் கோணல் எழுத்தில் ஒரு கடதாசி தொங்கியது: 'இந்த ஊட்டுல பூச்சி உருண்டை இல்ல. ஆதில் உள்ள வரலாம்.' நான் அங்கேயே நின்று அழுதேன். ஆதில் கடதாசியின் மூலையைப் பிய்த்து வாயில் வைத்தான்.

பலெர்மோவில் மீண்டும் வசந்தம். ஒரு கடதாசி என் மகனை வெளியே நிற்கச் சொல்கிறது, கடலுக்கு அப்பால் இன்னொன்று உள்ளே வரச் சொல்கிறது. நாங்கள் தெருவில் நிற்கிறோம். தக்காளிப்பழத்தை வெளியே கொண்டுவந்து தரும் கடைக்காரர், "எல்லாரும் சுகம்தானே?" என்கிறார். இப்போது கேள்வி புரிகிறது. ஆனாலும் கனமூலை வரைக்கும் சேர்த்தே சொல்கிறேன்: "எல்லாரும் நல்ல சுகம்."