உறவு: மச்சான்

1. ஜேக் நழுவிய காலை

காலை பத்தே கால் இருக்கும். ஆபீஸ் போன் அடித்தது. வொர்க்‌ஷாப்பிலிருந்து ஒருத்தன் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஸ்டாஃப், லோரியத் தூக்கி நிறுத்துன ஜேக் நழுவிடுச்சு. குணா லோரிக்கு அடியில மாட்டிக்கிட்டான்" என்றான்.

நான் அப்போது ஜொகூரில் ஒரு ராணுவ கேம்ப்பில் சீஃப் கிளார்க். ஸ்டாஃப் சார்ஜன் மாரிமுத்து என்று பேர். ஆனால் 'கெரானி' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும், கிளார்க்குக்கு மலாயில் அதுதான் பேர். எந்த கேம்ப் என்று கேட்காதீர்கள். இதில் வரும் ஆட்களின் பேர், ஊர், செய்த வேலை எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். முழுசாக எழுதி குணாவிடம் காட்டி, அவன் சரி என்ற பிறகுதான் வெளியே கொடுக்கிறேன்.

கேம்ப்பில் ஒருத்தனுக்கு அடிபட்டால் ஆம்புலன்ஸ் ஒரு பக்கம் ஓடும், கெரானி ஃபைல் அலமாரிப் பக்கம் ஓடுவான். வாரிஸ் பாரம் வேண்டுமே! நமக்கு ஏதாவது ஆனால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று எழுதி வைக்கும் பாரம் அது. முதல் வாரிஸ், இரண்டாவது வாரிஸ் என்று இரண்டு வரி இருக்கும். இரண்டு பேரும் உறவுக்காரர்களாக இருக்க வேண்டும்.

குணாவின் முதல் வாரிஸ் அவன் அம்மா, லாயாங் லாயாங்கில் இருந்தார். ஐந்து முறை அடித்தேன், எடுக்கவில்லை. இரண்டாவது வாரிஸ் சிவா என்று ஒருவர், பண்டார் தெங்காராவில் இருந்தார். முதல் மணியிலேயே எடுத்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "அம்மா போன் எடுக்க மாட்டாங்க, பின்கட்டுல இருப்பாங்க. நான் போற வழியில ஏத்திக்கிட்டு வந்துடறேன்" என்று வைத்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் அந்தம்மாவோடு குளுவாங் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். சரியான ஆளைத்தான் பாரத்தில் போட்டிருக்கிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

அந்தப் பெருமை சாயங்காலம் வரைக்கும்தான்.

2. நான் தட்டிய சொல்

ஏனென்றால் அந்த வரியை எழுதியது நான். விபத்துக்கு ஒரு வருஷம் முன்னால் எல்லா வாரிஸ் பாரத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. ஆளாளுக்கு நாளைக்கு வர்றேன், மறுநாள் வர்றேன் என்று இழுத்தடித்தார்கள். பொறுமையெல்லாம் எனக்குக் கிடையாது. பேப்பரைத் தூக்கிக்கொண்டு வொர்க்‌ஷாப்புக்கே போனேன். குணா லோரிக்கு அடியில் படுத்துக் கிடந்தான், பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது.

"டேய் குணா, ரெண்டாவது வாரிஸ் யாருடா?"

"சிவா, ஸ்டாஃப்." நம்பரைக் கடகடவென்று சொன்னான்.

"உறவு?"

ஸ்பேனர் சத்தம் நின்றது. "மச்சான்" என்றான்.

நான் ஆபீசுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தேன். அதில் மச்சான் எங்கே இருக்கும்? அப்பா, அம்மா, மனைவி, அண்ணன் தம்பி, 'ஈப்பார்' என்று மலாயில் ஒரு பட்டியல். ஈப்பார் என்றால் அக்கா புருஷன், மனைவியின் அண்ணன், அந்த மாதிரி சம்பந்த வழி உறவு. தட்டிவிட்டேன். பிரிண்ட் எடுத்த பாரத்தில் கையெழுத்துப் போட வந்தபோது அவன் அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். என்னையும் பார்த்தான். போட்டுவிட்டுப் போனான்.

3. ஒத்தப் புள்ள

அன்று சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சார்ஜன் மேஜர் தனபாலனும் வந்திருந்தார், பாரத்தில் ஈப்பார் என்று இருந்ததைப் படித்துவிட்டு. கேம்ப்பில் ஒழுங்கு என்றால் அவர்தான். அவர் பூட்ஸ் சத்தம் கேட்டால் மரத்தில் இருக்கும் குரங்குகூட நேராக உட்காரும். ஆனால் அடிபட்டவன் வீட்டாரிடம் மெதுவாகப் பேசத் தெரிந்த மனுஷன்.

"கவலப்படாதீங்கம்மா, இடுப்பு எலும்புதான். மருமகன் பக்கத்துலயே இருக்காரு. பொண்ணு வரலையா?"

"பொண்ணா? எனக்கு ஒத்தப் புள்ளைங்கய்யா, குணா ஒருத்தன்தான்" என்றார் அந்தம்மா.

அக்கா தங்கச்சி இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. அப்புறம் எங்கிருந்து ஒரு ஈப்பார்? தனபாலன் வார்டுக்குள் எட்டிப் பார்த்தார், நானும் பார்த்தேன். குணா மயக்கத்தில் இருந்தான். சிவா ஈரத்துணியால் அவன் முகத்தில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். நண்பன் அழுகிற அழுகை இல்லை அது. எனக்குப் புரிந்துவிட்டது, தனபாலனுக்கும் புரிந்துவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒன்றும் பெரிய மனசுக்காரன் இல்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த நிமிஷமே குணாவின் வேலை ஞாபகம் வந்தது. நம் ராணுவத்தில் இது தெரிந்தால் அவன் சர்வீஸ் போய்விடும். ஒன்பது வருஷ வேலையும் பென்ஷனும் போய்விடும். தெரிய வைத்தது நான் தட்டிய ஒரு சொல்.

4. மேஜர் கேட்ட கேள்வி

தனபாலன் ரிப்போர்ட் எழுதினார். ரெக்கார்டில் பொய்த் தகவல் கொடுத்ததாகக் குற்றச்சாட்டு. அடுத்தது என்ன என்பதை அவர் எழுதவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

விசாரித்தவர் ஒரு மலாய் மேஜர், சத்தம் போடாத ஆள். குணா ஊன்றுகோலோடு நின்றான். பேச்செல்லாம் மலாயில்; ஐயா என்பதற்குச் சொல்லும் 'துவான்' தவிர மற்றதைத் தமிழில் சொல்கிறேன்.

"நீ ஈப்பார்னு சொன்னியா?"

"இல்ல துவான். மச்சான்னு சொன்னேன்."

மேஜர் என் பக்கம் திரும்பினார். "மச்சான்னா என்ன?"

மாமன் மகன் என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் முப்பது வருஷம் பாரம் எழுதியவன் நான், ரெக்கார்டில் தெரிந்தே பொய் ஏற்றியதில்லை.

"அக்கா புருஷனும் மச்சான்தான் துவான், மாமன் மகனும் மச்சான்தான். கூட வேலை செய்யறவன், சாப்பாட்டுக் கடைக்காரன், பெட்ரோல் பம்ப்ல எண்ணெய் ஊத்துறவன் எல்லாரையும் மச்சான்னுதான் கூப்பிடுவோம். எந்த மச்சான்னு நான் கேக்கல. நானா ஈப்பார்னு போட்டுட்டேன். தப்பு என்னோடது."

"சார்ஜன் மேஜர், இவர் சொல்றது சரியா?"

தனபாலன் விறைப்பாக நின்றார். அன்று காலை வாசலில் என்னிடம் "தள்ளி நில்லு மச்சான், வழிய மறைக்காத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர் அவர். கோபக்காரர்தான், ஆனால் பொய் சொல்ல மாட்டார்.

"சரிதான் துவான். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்."

மேஜர் பேனாவை மூடினார். பிறகு என்னிடம், "அந்த ஆளைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்றார்.

"போன் பண்ணினா எடுப்பாரு துவான். அம்மாவையும் கூட்டிக்கிட்டு வந்தாரு. அவ்வளவுதான் தெரியும்." நான் என்ன நினைக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

அவர் குணாவின் ஃபைலைப் புரட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் சொன்னார்: "பாரத்தைத் திருத்துங்க. குணா, குணமானதும் வேலைக்குத் திரும்பு." எனக்கு, கவனக்குறைவு என்று ஒரு வார்னிங் லெட்டர். என் சர்வீஸிலேயே அது ஒன்றுதான். வாங்கும்போது எரிச்சலாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

5. ஒரே கோடு

ராணுவ ரெக்கார்டில் திருத்தம் என்றால் அழிக்கக் கூடாது. ஸ்கேல் வைத்து ஒரே கோடு, பக்கத்தில் சின்னக் கையெழுத்து. சம்பந்தப்பட்டவனே போட வேண்டும். குணா வந்தான்.

"ஈப்பாருக்குப் பதிலா என்ன எழுதுவீங்க ஸ்டாஃப்?"

"நண்பன்னு எழுதினா செல்லாதுடா. உறவுக்காரன் இல்லன்னா அந்த வரியே இருக்கக் கூடாது."

ஸ்கேலை எடுத்தான். சிவாவின் பேர் மேல் அவனே கோடு போட்டான். கோடு நேராகத்தான் வந்தது. போட்டு முடித்துவிட்டுச் சொன்னான்: "என் வேலைய காப்பாத்திட்டீங்க, மறக்க மாட்டேன். ஆனா ஸ்டாஃப், நாளைக்கு எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அவனுக்கு யாரு போன் பண்ணுவா? அம்மா போன எடுக்கவே மாட்டாங்க. அவன் பேப்பர்ல பாத்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?"

"நான் பண்றேன்டா" என்றேன். என் சொந்த பாக்கெட் நோட்டில் அந்த நம்பரை எழுதிக்கொண்டேன். பேர் எழுதவில்லை, உறவும் எழுதவில்லை. அவன் கடல் தாண்டி சபா மாநிலத்துக்கு டியூட்டி போன மாதங்களில் தினமும் சட்டை மாற்றும்போது அந்த நோட்டையும் மாற்றி வைப்பேன். என் மனைவி, "அதுல அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள்.

பிறகு நான் ஓய்வு பெற்றேன். புதுக் கெரானியிடம் ஹேண்ட்ஓவர். அலமாரி, சாவி, முத்திரை, ஃபைல் என்று நாற்பத்தொரு ஐட்டம். ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்து வாங்கினேன். அந்த நம்பரை ஒப்படைக்க வழியில்லை. வாயைத் திறந்தேன், 'இது யாரோட நம்பர்' என்று அவன் கேட்பானே என்று மூடிக்கொண்டேன். கேம்ப்பில் எது நடந்தாலும் அதன் பிறகு எனக்கு யார் சொல்லப் போகிறார்கள்? நான் குணாவுக்குக் கொடுத்த வாக்கு அன்றோடு வெறும் பேச்சாகிவிட்டது.

6. யோங் பெங் கடையில்

இப்போது சனிக்கிழமை தவறாமல் யோங் பெங்கில் ஒரு கடையில் பழைய ஆட்கள் சிலர் ரொட்டி சானாய் சாப்பிடக் கூடுவோம். தனபாலனும் வருவார். போன மாதம் பழைய டிரைவர் செல்வம் போனில் ஒரு செய்தியைக் காட்டினான். ஏதோ ஒரு நாட்டில், ஆணை விரும்பும் ஆண்கள் ஒளிவுமறைவு இல்லாமல் ராணுவத்தில் இருக்கலாமா என்று விவாதம்.

"எப்படிடா சரிவரும்?" தனபாலன் கையை உதறினார். "பாரக்குல முப்பது பேரு ஒண்ணாப் படுக்கறான். ஒருத்தன ஒருத்தன் நம்பணும். ஒழுங்கு கெட்டுடும்."

"அட அலமாக், என்ன சார்ஜன் மேஜர்? சிங்கப்பூர்ல எல்லாப் பயலையும்தான் ஆர்மிக்குக் கூப்பிடறான், என் அக்கா மகன் கூடத்தான் போனான். அந்த ஆர்மி என்ன கவுந்தா போச்சு?" என்றான் செல்வம்.

"அது அவங்க ஊரு. இங்க சட்டம் வேற, ஜனங்க வேற."

இப்படியே அரை மணி நேரம் ஓடியது. இந்தப் பேச்சு வந்தால் நான் எப்போதும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அன்று முடியவில்லை.

"பாரக், ஒழுங்கு எல்லாம் நீங்க பேசுங்க, நான் கெரானி. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவன் ஏற்கெனவே உள்ளதான் இருக்கான், நேத்தும் இருந்தான். லோரி அவன் மேல விழுது. நான் யாருக்குப் போன் பண்றது?"

செல்வத்துக்கு ஒன்றும் புரியவில்லை. தனபாலனுக்குப் புரிந்தது.

நான் காரில் கிளம்பும்போது அவர் காடி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்தப் பையன் இன்னும் சர்வீஸ்லதான் இருக்கான். போன வாரம்கூட கேம்ப்லேருந்து பசங்க பேசினானுங்க."

"ஆமா."

"என் எண்ணம் மாறல, தெரிஞ்சுக்க."

"தெரியும்."

"கேம்ப்ல ஒரு பூனை செத்தாலும் எனக்குப் போன் வரும், உனக்கு வராது." தன் போனை எடுத்து நீட்டினார். "உங்கிட்ட இருக்கும்ல, அந்த நம்பர குடு மச்சான்."

இளம் கெரானிகளுக்கு நான் சொல்ல நினைத்தது ஒன்றுதான். உறவு என்ன என்று ஒருத்தன் சொன்னால் நீங்களாக மொழிபெயர்க்காதீர்கள், கேளுங்கள் என்றுதான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். நான் கேட்டிருந்தால் குணா பொய் சொல்ல வேண்டி வந்திருக்கும். அவன் உண்மையைச் சொல்லக்கூடிய பாரம் இன்னும் வரவில்லை. வரும் வரைக்கும் அந்த நம்பர் இரண்டு கிழவர்களின் சட்டைப் பையில் இருக்கிறது.