அடுத்தவன் காரில் சாய்ந்து நின்றவன்

போன சனிக்கிழமை காலை, எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் கார்த்திக் வந்து கதவைத் தட்டினார். கோயம்புத்தூர்க்காரர். கணினி வேலைக்காக ஒஸ்லோவுக்கு வந்து ஒரு வருடமாகிறது. என்னைச் ‘சார்’ என்று கூப்பிடுவார். இந்த நாட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து வேலையிடத்தில் சின்னப் பெடியன்கள்கூட என்னை வெறும் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். அதனால் யாராவது ‘சார்’ என்றால் போதும், நான் எதற்கும் உடன்பட்டுவிடுவேன்.

“சார், ஒரு பழைய கார் பாத்து வச்சிருக்கேன். யூரோப்பியன் எடுக்கலாமா, ஜாப்பனீஸ் எடுக்கலாமான்னு ஒரு மாசமா ஒரே குழப்பம். நீங்கதான் வந்து பாக்கணும்.”

“இப்ப எல்லாரும் கரண்ட் கார் எல்லோ வாங்கீனம்?”

“அதுக்குக் காசு சேர இன்னும் ரெண்டு வருஷமாவது ஆகும் சார்.”

ஹொல்ம்லியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் கார் நின்றது. ஐரோப்பியக் கார். விற்க வந்த மனிதர் அதைக் குளிப்பாட்டித் தலைசீவி நிறுத்தியிருந்தார். உள்ளே ஏறி எஞ்சினை முடுக்கி, வெப்பக் காற்றைத் திருப்பினேன். முதலில் ஈரக் கால்மிதி மணம் வந்தது. அதன் பின்னால், மெதுவாக, சீனிப்பாணி அடுப்பில் கொஞ்சம் அடிப்பிடித்தது போல் ஒரு இனிப்பு மணம்.

“தம்பி, இது வேண்டாம்.”

“ஏன் சார்? பானெட்டையே தெறக்கலையே.”

“மணத்தைப் பாருங்கோ.”

கார்த்திக் மூக்கை உறிஞ்சினார். “ஏதோ ஸ்வீட் கடை மாதிரி இருக்கு சார்.”

எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே எங்கோ கசிந்தால் அப்படித்தான் மணக்கும். அதை விளக்கினேன். அந்த மணம் என் வாழ்க்கையில் இரண்டு வருடங்களைத் தின்றதை மட்டும் சொல்லவில்லை. அதை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னைச் சார் என்று கூப்பிடப் போவதில்லை, எனக்கு இழக்க ஒன்றுமில்லை.

நான் இங்கே வந்த புதிதில் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பெடியன்கள் சேர்ந்து, ஐந்து பேருக்கும் பொதுவான ஒரு தோல் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு, கார்கள் நிற்கும் இடமாகப் பார்த்துப் போவோம். நல்ல காராக ஒன்றைத் தெரிவோம். ஒருவன் சொந்தக்காரன் வருகிறானா என்று பார்ப்பான். ஒருவன் கமராவைப் பிடிப்பான். முறை வந்தவன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு காரில் சாய்ந்து நிற்பான். கையில் கார்ச் சாவி போல ஒரு திறப்பு தொங்கவேண்டும், அது முக்கியம். என் கையில் தொங்கியது எங்கள் கட்டடத்துச் சலவை அறைத் திறப்பு. சாய்ந்தது கறுப்பு நிற ஜெர்மன் கார். படம் ஊருக்குப் போனது, ஊரிலிருந்து சம்பந்தம் வந்தது. அந்தக் காருக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

பெண்ணின் பெயர் வதனி. சென்னையில் ஒரு மண்டபத்தில் கலியாணம். பதினொரு நாள் சேர்ந்திருந்தோம். பிறகு நான் ஒஸ்லோவுக்கு, அவள் விசாவுக்காகக் காத்திருக்கக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜுக்கு.

அந்தப் பதினொரு நாளில் நான் கண்டுபிடித்தது, வதனியின் தொண்டைக்குள் ஒரு ஊரே குடியிருக்கிறது என்பதுதான். தன் அப்பாவைப் போல் செருமுவாள். கலியாணத் தரகரைப் போல் மூக்கால் பேசுவாள். மணவறையில் ஐயர் மந்திரத்துக்கு நடுவில் கொட்டாவி விட்டதை அன்றிரவே செய்து காட்டினாள். லொட்ஜுக்குப் போன பிறகு, ஞாயிறுதோறும் நான் தொலைபேசி அட்டையைச் சுரண்டி அழைக்கும்போது, லொட்ஜ்கார அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். “தம்பி, கதைச்சது காணும், ஆக்கள் லைனில நிக்கினம்.” அச்சு அசல். ஒருநாள் உண்மையான லொட்ஜ்கார அம்மாவே ரிசீவரைப் பறித்து அதைச் சொல்ல, “போதும் குஞ்சு, நடிக்காதையும்” என்று கொஞ்சிவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு எனக்கு லைன் கிடைக்கவில்லை.

அவளை இங்கே கூப்பிட எனக்கு ஒரு நிரந்தர வேலை வேண்டும், அதன் கடிதத்தை விண்ணப்பத்தோடு வைக்கவேண்டும். உணவகத்தில் சட்டி கழுவும் வேலைக்கு அப்படிக் கடிதம் தரமாட்டார்கள். அப்போதுதான் நகரத்துக்கு வெளியே ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஆறு மாதம் சோதனைக் காலம், அதைத் தாண்டினால் நிரந்தரம். விடியற்காலை ஐந்து மணிக்கு மா குழைக்கத் தொடங்குவார்கள். அந்த நேரத்தில் அங்கே ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. கார் இருந்தால் வேலை, வேலை இருந்தால் வதனி. என் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக எதுவும் இருந்ததில்லை. அதைத்தான் நான் குழப்பினேன்.

கார் வாங்கப் போகிறேன் என்று தெரிந்ததும் என் அறையில் பாராளுமன்றம் கூடியது. ஒரு பக்கம் என் அறைத்தோழன் குணம், மட்டக்களப்பு ஆள். நாட்டின் வடக்குக் கோடியில், ஹம்மர்பெஸ்டில் மூன்று வருடம் மீன் வெட்டிவிட்டு ஒஸ்லோவுக்கு இறங்கியவன். வரும்போது கடுகு மஞ்சளில் ஒரு சின்ன ஜப்பான் காரையும் கொண்டுவந்திருந்தான். மறுபக்கம் சிவநேசன் அண்ணை. எங்கள் எல்லோருக்கும் முன்பு வந்தவர், சொந்தமாகச் சுவீடன் கார் வைத்திருப்பவர்.

“ஜப்பான் கார் எண்டால் என்னடாப்பா? பால்மா ரின் தகரத்துக்கு நாலு சில்லு பூட்டினது” என்றார் அண்ணை. “றோட்டில மான் குறுக்க பாய்ஞ்சால் மானுக்கு ஒண்டும் நடக்காது. நீதான் போயிடுவாய். ஐரோப்பாக் காரிட கதவை ஒருக்காச் சாத்திப் பார். என்ன பாரம், என்ன சத்தம்.”

“கதவு நல்லாத்தான் சாத்தும் அண்ணன், வண்டிதான் வெளிக்கிடாது” என்றான் குணம். “மச்சான், ஐரோப்பாக் காரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒண்டு கா. மாசத்துக்கு ஒருக்கா ஏதாவது கேப்பாங்க. நீ என்ட வண்டிய எடு. பனிக்க கிடந்தாலும் ஒரே இழுவையில ஸ்டார்ட் ஆகும். நான் வேற பாத்துக்கிறன்.”

குணம் சொன்னதுதான் சரி என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் அந்தக் கிழமை டென்மார்க்கிலிருந்து வதனியின் மாமா தொலைபேசி எடுத்தார். “மருமோன், நத்தாருக்கு அந்தப் பக்கம் வாறன். உம்மட கறுப்புக் காரில ஒரு சுத்துச் சுத்துவம், என்ன?”

கறுப்புக் கார். படம் டென்மார்க் வரைக்கும் போயிருந்தது. அவர் வந்து இறங்கும்போது கடுகு மஞ்சள் பால்மா ரின் நின்றால் கதை வெள்ளவத்தைக்குப் போகும். வதனி என்னைப் பொய்யன் என்று நினைப்பாள். நான் உண்மையிலேயே பொய்யன் என்பது அந்தக் கணக்கில் எனக்குப் பெரிதாகப் படவில்லை. மற்றவர்கள் எஞ்சினைக் கேட்டு, ஓடிய தூரத்தைக் கேட்டுக் கார் வாங்குவார்கள். நான் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முகப்பு விளக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்கினேன். வயதான ஜெர்மன் கார். கறுப்பு. கதவைச் சாத்தினால் அண்ணை சொன்ன அதே சத்தம்.

கிறிஸ்மஸுக்கு மாமா வரவில்லை. அவருக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பை அசைக்க முடியவில்லையாம்.

குளிர் வந்தது. கார் என்னை அடையாளம் கண்டுகொண்டது. விடியற்காலையில் திறப்பைத் திருப்பினால் கிழவன் இருமுவது போல் இரண்டு இருமல், பிறகு அமைதி. குளிருக்கு எஞ்சினைப் போர்த்து வைத்தால் நல்லது என்று யாரோ சொல்ல, என் போர்வையைக் கொண்டுபோய் மூடியில் கட்டினேன். அந்த மார்கழி முழுக்கக் கார் போர்வைக்குள்ளும் நான் ஜாக்கெட்டுக்குள்ளும் தூங்கினோம். கிளம்பும் நாளில் இந்த இனிப்பு மணம் வரும். கண்ணாடி உள்ளே புகைத்து, வழி தெரியாமல், யன்னலால் தலையை நீட்டி ஓட்டுவேன். மீசையில் பனி பிடித்துத் தொழிற்சாலைக்குள் நுழையும்போது, வருடக் கடைசிதானே, கிறிஸ்மஸ் தாத்தா வேடம் போட்டு வருகிறான் என்று நினைத்துக் கைதட்டினார்கள். நானும் குனிந்து வணக்கம் வைத்தேன்.

மேற்பார்வைக்காரி பெரிட் கைதட்டவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தாள்.

குணம் தன் காரைத் தருகிறேன் என்று அப்போதும் சொன்னான். ஆறு மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான், சமாளிக்கலாம் என்று ஒருபக்கம். தோற்றுப்போனேன் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாதது மறுபக்கம். ஐந்தாவது தடவை பிந்தியபோது பெரிட் என்னை உள்ளே கூப்பிட்டாள். அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் பயங்கரம்.

“நீ நல்லவன். எங்களைச் சிரிக்க வைக்கிறாய். ஆனால் குழைத்த மா யாருக்காகவும் காத்திருக்காது” என்றாள்.

வெளியே வந்து காருக்குள் இருந்தேன். அது உடனே ஸ்டார்ட் ஆனது.

அந்த ஞாயிறு வதனியிடம் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் படத்தில் தொடங்கினேன்.

“வதனி, ஒரு விசயம் சொல்லவேணும். அந்தப் படத்தில இருக்கிற கார் என்ரை இல்லை.”

“தெரியும்.”

“எப்பிடி?”

“பின் சீற்றில ஒரு நாய் இருக்குதே. தம்பிக்கு நாய் எண்டால் உயிர் போயிடும், சின்னனில நாய்க்குப் பயந்து வேலி பாய்ஞ்சு பள்ளிக்கூடம் போனவன் எண்டு உங்கட அம்மா முதல் நாளே சொல்லிப்போட்டா.”

படத்தை எடுத்துப் பார்த்தேன். உண்மை. என் தோளுக்கு மேலே, கண்ணாடிக்குப் பின்னால், ஒரு சாம்பல் நிற நாய் கமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னைவிட நிதானமான முகம்.

“அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?”

“வெக்கப்படுவியள் எண்டு விட்டிட்டன்.” பிறகு குரலை மாற்றி அந்த நாயாகப் பேசினாள். நல்ல யாழ்ப்பாணத்து நாய். “ஆரப்பா இவர்? என்ர காரில வந்து முதுகு தேய்க்கிறார்?”

சிரித்தேன். அவளும் சிரித்தாள். பின்னால் லொட்ஜ்கார அம்மா கத்துவது கேட்டது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வேலை போய்விட்டது.

“அப்ப விசா?”

அந்த இரண்டு சொல்லை அவள் யாருடைய குரலிலும் சொல்லவில்லை.

வேலைக் கடிதம் இல்லாத விண்ணப்பம் திரும்பி வந்தது. கறுப்புக் காரைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு, குணத்தின் கடுகு மஞ்சளில் ஏறி முதியோர் இல்லங்கள் அழைத்த நேரமெல்லாம் வேலைக்குப் போனேன். அது ஒரு விடியலில்கூட என்னைக் கைவிடவில்லை, எனக்கு அதைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. கடைசியில் நிரந்தர வேலை, கடிதம், விசா எல்லாம் கிடைத்தன. இரண்டு வருடமும் சொச்சமும் ஆகியிருந்தது.

அந்த இரண்டு வருடத்துக்குள் ஒருநாள் வெள்ளவத்தையில் ஆமியின் சுற்றிவளைப்பு. லொட்ஜில் இருந்த பெண்களில் நாலு பேரைக் கொண்டுபோனார்கள். வதனி அதில் ஒருத்தி. ஞாயிறு நான் அழைத்தபோது லொட்ஜ்கார அம்மா, “தம்பி, பிள்ளை இஞ்சை இல்லை” என்றார். வதனிதான் நடிக்கிறாள் என்று நினைத்து, “பகிடியை விடும்” என்றேன். மறுமுனையில் அந்த மனிசி அழத் தொடங்கினார்.

ஐந்தாம் நாள் விட்டார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, இன்றுவரை.

விமான நிலையத்துக்குக் கடுகு மஞ்சள் காரில்தான் போனேன். அவளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது சிவநேசன் அண்ணை போல், குணம் போல், பெரிட் போல் எல்லாம் பேசிக் காட்டிக்கொண்டு ஓட்டினேன். ஒன்றும் சரியாக வரவில்லை. யன்னலால் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் “நல்ல கார்” என்றாள். எனக்குத் தெரிந்த குரல்தான், ஆனால் அதற்குள் ஆட்கள் இல்லை.

குணம் கனடாவுக்குப் போய்விட்டான். பாண் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது வீடுகள். தொலைபேசி அட்டை விற்ற கடைகள் இல்லை. லொட்ஜை இடித்துப் பெரிய மாடி கட்டிவிட்டார்களாம். போகட்டும், இவை எதற்கும் நான் கவலைப்படவில்லை. வதனி நன்றாக இருக்கிறாள். சிறுவர் பூங்கா என்று இங்கே சொல்லும் மழலையர் பள்ளியில் வேலை, அங்கே பிள்ளைகளுக்கு அவள் என்றால் உயிர். எங்கள் பிள்ளைகள் இரண்டும் வளர்ந்துவிட்டன. தங்கள் அம்மா ஒருகாலத்தில் பத்துப் பேராகப் பேசுவாள் என்று நான் சொன்னபோது மகள் நம்பவில்லை. “அப்பா, சும்மா அளக்காதேங்கோ. பகிடி விடுறது நீங்கள், அம்மா இல்லை.”

அந்த ஐப்பசியில் மஞ்சள் காரை வாங்கியிருந்தால் ஆனிக்கு வந்திருப்பாள். சுற்றிவளைப்பு ஆவணியில். எத்தனை தடவை எண்ணினாலும் இது மாறுவதில்லை.

சனம் என்னைப் பகிடிக்காரன் என்கிறது. கலியாண வீடு, பிறந்தநாள் எதுவென்றாலும் என்னைச் சுற்றிக் கதிரை போடுகிறார்கள். எங்கள் வீட்டில் அது அவளுடைய வேலை. ஆள் இல்லாததால் நான் செய்கிறேன். ஒவ்வொரு கதை முடியும்போதும் எல்லோரும் சிரிக்க, நான் அவளுடைய வாயைப் பார்ப்பேன். அவளும் சிரிப்பாள், மரியாதைக்கு. பிறகு எழுந்து தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவாள்.